நாற்காலி போட்ட இடத்தில் வேகத்தடை

எங்கள் தெருவில் வேகத்தடை போடப் போகிறார்கள் என்றதும் நல்லதுதான் என்று நினைத்தேன். அது என் வீட்டு வாசலில்தான் வரப் போகிறது என்று தெரிந்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

புத்தூர் மெயின் ரோட்டு நெரிசலுக்குப் பயந்தவன் எல்லாம் தில்லை நகர் போக எங்கள் தெருவைத்தான் பிடிக்கிறான். வருகிற வேகத்தைப் பார்த்தால் பின்னால் யாரோ துரத்துகிற மாதிரி இருக்கும். போன கார்த்திகையில் ஒரு பைக்காரன் என் வீட்டுக்காரி மயிலம்மாளின் முந்தானையை ஹேண்டில்பாரில் மாட்டி இழுத்துக்கொண்டு போகப் பார்த்தான். சேலை கிழிந்தது, ஆள் தப்பினாள். அன்றோடு எதிர்வீட்டுக்குப் போவதை விட்டாள்.

எதிர்வீடு அற்புதம்மாளுடையது. சாயங்காலம் அங்கே உட்கார்ந்து இரண்டு பேரும் பூக்கட்டுவார்கள். பூ கொஞ்சம், ஊர்க்கதை நிறைய. அது நின்றதும் ஆளுக்கொரு வாசலில் நின்று கத்திப் பேச ஆரம்பித்தார்கள்.

"அற்புதம், உன் மருமவ ஊருக்குப் போயிட்டாளா?"

நடுவில் ஒரு லாரி போனது.

"என்னா?"

"மருமவ! தொலைஞ்சாளா?"

மருமகள் உள்ளேதான் இருந்தாள். அதோடு கத்தலும் நின்றது. அப்புறம் அத்தனை ஊர்க்கதையும் என் காதுக்கு வந்தது.

"வா, நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"நான் என்ன கைக்குழந்தையா? எனக்கு எப்பத் தோணுதோ அப்பப் போவணும், வரணும்" என்றாள்.

அவளே நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு போய்க் கவுன்சிலர் வாசலில் நின்றாள். அதனால்தான் இளவேனில் என்ற என்ஜினியர் பெண் வந்து என் கேட்டுக்கு நேராகச் சாக்பீஸில் கோடு போட்டது.

"அடுத்த வீட்டு வாசல்ல போட்டா வண்டி மெதுவாப் போவாதா?" என்று கேட்டேன்.

"அவங்க வீட்லருந்து கார் வெளிய வரணுங்க ஐயா."

"எங்கிட்ட கார் இல்லேங்கறீங்க."

"அப்படி இல்லீங்க..."

"அப்படித்தான்."

காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் சுமந்து கட்டிய வீடு இது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டியபோது "ஒண்ணும் ஆவாதுங்க" என்று ஒருத்தர் சொன்னார். முன்சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு விட்டது. சொன்னவரை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. இனி லாரி எல்லாம் வாசலில் ஏறித் தொம்மென்று இறங்கினால் அந்தச் சுவர் என்னவாகும்?

"சுவரு பெருசா, நான் பெருசா?" என்றாள் மயிலம்மாள்.

"சுவரு இருந்தாதாண்டி நீ உள்ள இருக்க முடியும்."

அன்றைக்கு ரசத்தில் உப்பில்லை.

தார் வண்டி வந்த காலையில் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கோட்டின் மேலேயே போட்டு உட்கார்ந்தேன். இளவேனில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. அப்புறம் ஓரமாகப் போய் யாருக்கோ போன் போட்டது. வேலையாட்கள் வேப்பமரத்தடியில் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

வருகிற வண்டி எல்லாம் என்னைப் பார்த்ததும் மெதுவானது. ஸ்கூல் வேன் டிரைவர் சலாம் வைத்தார். சிட்டாய்ப் பறக்கிற லாரிக்காரன் புதுப்பெண் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி அடிமேல் அடி வைத்துப் போனான். ஸ்டாண்டு ஆட்டோக்காரன் ஜெகபர் சாதிக் பக்கத்தில் வந்து தலையை நீட்டினான்.

"என்ன பெருசு, வீட்ல தொரத்திட்டாங்களா?"

"போடா, வேலையப் பாத்துக்கிட்டு."

அப்போது பின்னால் கேட் கிரீச்சிட்டது. மயிலம்மாள் பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், என்னை மட்டும் பார்க்கவில்லை. என் நாற்காலியை ஒட்டி நடந்து எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தாள். போன சுருக்கில் திரும்பி வந்தாள்.

"நார மறந்துட்டேங்க."

நாரை எடுத்துக்கொண்டு மறுபடியும் போனாள். அற்புதம்மாள் வாசலிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, எந்திரிச்சிராதீங்க! நான் திரும்பி வரணும்!"

மரத்தடியில் இருந்தவர்கள் டீயைத் துப்பிச் சிரித்தார்கள். இளவேனில் போனைக் காதில் வைத்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வெயில் ஏறியதும் மயிலம்மாள் எதிர்வீட்டிலிருந்து மோர் கொண்டுவந்தாள். டம்ளரை வாங்கிக்கொள்ள இன்னொரு தரம் வந்தாள். டம்ளரை நானே ஓரமாக வைத்திருப்பேன், அவளுக்கு வரவேண்டும் என்று ஆசை.

"நாளைக்கும் உக்காருவீங்கள்ல?" என்றாள். "மழை வந்தா குடை தரேன்."

கார்த்திகைக்கு அப்புறம் அந்த முகத்தை நான் அப்படிப் பார்க்கவில்லை. மோரைக் குடித்துவிட்டு இளவேனிலைக் கூப்பிட்டேன்.

"லாரி குதிக்குமா?"

"குதிக்காதுங்க ஐயா. கூம்பா இல்லாம அகலமாத் தட்டையாப் போடறோம். ஏறி இறங்கிப் போயிடும்."

"சுவரு விட்டுப்போச்சுன்னா?"

"கூப்பிடுங்க, நானே வரேன்."

"எல்லாரும் இதான் சொன்னாங்க. வெள்ளப் பெயிண்டு எப்ப அடிப்பீங்க?"

"தார் ஆறணும். நாளைக்கு அடிச்சிடுவோம்."

"நாளைக்கா? வெள்ளக் கோடு இல்லாத மேட்டுல பைக்காரன் வந்து விழுவான். விழுந்தா என் வாசல்லதான் விழுவான். பெயிண்டு அடிக்கிற வரைக்கும் நாற்காலி இங்கதான் இருக்கும்."

"இருக்கட்டுங்க" என்றது அந்தப் பெண். "எங்களுக்கும் ஒரு ஆள் மிச்சம்."

நாற்காலியை ஓரமாகத் தள்ளிப் போட்டு வழிவிட்டேன். தாரைக் கொட்டி, பரப்பி, உருளை ஓட்டினார்கள். பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். ஆறினதும் நாற்காலியில் சிவப்புத் துண்டைக் கட்டி மேட்டுக்கு முன்னால் வைத்தேன். மறுநாள் பெயிண்ட் வந்தது. வரும் என்று நான் நினைக்கவில்லை.

தினமும் காலையில் சுவர் வெடிப்பில் விரலை விட்டுப் பார்க்கிறேன். இதுவரை அதே விரல்தான் நுழைகிறது. இதை மயிலம்மாளிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு மேல் ஏறிவிடுவாள்.

இப்போது வேறு ஒரு தொல்லை. நாலு மணிக்கே அவள் கூடையோடு கிளம்பிவிடுகிறாள். காப்பியும் எதிர்வீட்டில்தான். வேண்டுமென்றால் நான்தான் போகவேண்டும். முதல் நாள் மேட்டு ஓரத்தில் போய் நின்றேன். ஜெகபர் சாதிக் ஆட்டோவை நிறுத்தினான்.

"போங்க பெருசு. உங்க ரோடுதான்."

நான் அசையவில்லை.

"நின்னுட்டேன் பெருசு. போங்க."

"எஞ்சினை நிறுத்துடா" என்றேன்.

நிறுத்தினான். அப்புறம்தான் காலை எடுத்து வைத்தேன்.