ஏழாம் அறை எழுதிய சட்டை

பள்ளி வாசலில் ஏணி போட்டு இரண்டு பேர் புதுப் பதாகை கட்டிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு வரப்போகும் ஆங்கில ஆசிரியரின் படம். பொன்னிற முடி, சிரித்த முகம். மனிதர் இன்னும் விமானமே ஏறவில்லை, அதற்குள் வாசலைப் பிடித்துவிட்டார்.

பதாகையின் நிழலில், பள்ளிகளுக்கு வெளிநாட்டு ஆசிரியர்களை அனுப்பும் ஏஜென்சியின் ஆள் விச்சாய் ஒரு பட்டியலோடு காத்திருந்தார். பிலிப்பைன்ஸிலிருந்து கலசின் என்ற இந்த ஊருக்கு வந்து ஐந்து ஆண்டுகள் பாடம் நடத்திய கிரிசெல்டாவுக்கு இன்றோடு வேலை முடிகிறது. அடையாள அட்டை, அறைச் சாவி, பள்ளிச் சட்டை எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தால்தான் விடுவிப்புக் கடிதம் தருவார். கடிதம் இல்லாமல் வேறெந்தப் பள்ளியும் அவளைச் சேர்க்காது. விழா முடிந்ததும் தருகிறேன் என்று அவரிடம் தவணை வாங்கியிருந்தாள்.

உள்ளே விழாவில் தேர்ச்சி பெற்றவர்களின் பெயர் கூப்பிட்டார்கள். மேடைக்குக் கீழே ஆசிரியர்களுக்கு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஏஜென்சி மூலம் வந்த ஆசிரியர்களுக்குக் கிடையாது. கிரிசெல்டா பின்னால் தண்ணீர்த் தொட்டி அருகே நின்றாள்.

ஏழாம் அறைதான் பள்ளியின் கடைசி அறை. மதிப்பெண் குறைந்தவர்களை வடிகட்டி அங்கே தள்ளுவார்கள். அவர்களைத் தேற வைப்பது குதிரைக்கொம்பு என்று மற்றவர்கள் கைகழுவிவிட்டார்கள். கிரிசெல்டா விடவில்லை. மதிய இடைவேளையில் ஒட்டரிசிச் சோற்றை உருட்டித் தின்றுகொண்டே சொல்லிக் கொடுத்தாள். "ஏழாம் அறை, முப்பத்தெட்டு பேரும் தேர்ச்சி" என்று தலைமையாசிரியர் படித்தபோது தாளை ஒருமுறை கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். அப்புறம்தான் கூடம் கைதட்டியது. கிரிசெல்டாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சந்தோஷத்தில்.

முப்பத்தெட்டு பேரும் மேடையிறங்கி, நாற்காலி வரிசையைத் தாண்டி, நேராகத் தண்ணீர்த் தொட்டிக்கு வந்தார்கள். அவர்களின் வெள்ளைச் சட்டைகளில் ஏற்கெனவே இடமில்லை. கடைசி நாளில் ஒருவர் சட்டையில் ஒருவர் எழுதுவது அங்கே வழக்கம். ஆனால் ஆசிரியர் சட்டையில் யாரும் பேனா வைப்பதில்லை, அது மரியாதைக் குறைவு. பிம் என்ற பெண் மண்டியிட்டுக் கும்பிட்டாள்.

"டீச்சர், தப்புதான். உங்க சட்டையில எழுதிக்கட்டுமா?"

கிரிசெல்டாவுக்குக் கடிதம் ஞாபகம் வந்தது.

"இது என் சட்டை இல்லம்மா. வாசல்ல நிக்கிறாரே, அவர்கிட்ட திருப்பிக் கொடுக்கணும்."

மூன்று வருடமாகப் பின்வரிசையை விட்டு நகராத கோங் பேனா மூடியைக் கழற்றினான். "அப்ப அவரும் படிக்கட்டும் டீச்சர்."

கிரிசெல்டா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு முதுகைத் திருப்பிக் காட்டினாள். முதுகு நிறைந்ததும் கை, கை நிறைந்ததும் காலர். ஆரம்பத்தில் தங்கள் பெயரைக்கூட ஆங்கிலத்தில் எழுதத் தெரியாதவர்கள் கிரிசெல்டா டீச்சர் என்று பெயர் போட்டு முழு முழு வாக்கியங்களாக எழுதினார்கள்.

உடை மாற்றிக்கொண்டு, சட்டையை மடித்து, அட்டை, சாவியோடு விச்சாயிடம் எடுத்துப்போனாள். முப்பத்தெட்டு பேரும் பின்னாலேயே வந்தார்கள். விச்சாய் சட்டையை விரித்தார்.

"என்ன டீச்சரம்மா இது?"

"சட்டை, ஒண்ணு. பட்டியல்ல எண்ணிக்கைதான் போட்டிருக்கு, அண்ணே."

விச்சாய் பட்டியலைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். சட்டையை வாயசைத்துப் படித்தார், முதுகுப் பக்கம் வரைக்கும். அலுவலகத்தில் திட்டு தனக்குத்தான் விழும் என்று முணுமுணுத்தபடி பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டுக் கடிதத்தை நீட்டினார். ஏழாம் அறை ஊரே திரும்பிப் பார்க்கும்படி ஆர்ப்பரித்தது. பதாகை கட்டியவர்கள் ஏணியிலிருந்தபடியே கைதட்டினார்கள்.

விச்சாய் பழக்கதோஷத்தில் சட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அலுவலகத்தில் முன்கூட்டியே அடித்துக் கொடுத்திருந்த சீட்டை மேலே ஒட்டினார். அதில், அந்தச் சட்டை அடுத்துப் போகவேண்டிய புது ஆசிரியரின் பெயர் இருந்தது. சீட்டைச் சுற்றி உறை வழியாக நீல மையில் தெரிந்ததெல்லாம் கிரிசெல்டாவின் பெயர்.