குப்பம்மா பேருக்கு வந்த வீட்டு வரி

கல்மண்டபத்து வீட்டை விற்றுவிட்டுத் திருவொற்றியூருக்குக் குடிவந்த பிறகு குப்பம்மாவுக்கு உடம்பில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. மகனுக்குத் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை. கூடையைச் சுமந்து தெருத்தெருவாக அலையாமல், கடற்கரையிலேயே உட்கார்ந்து மீன் விற்றுவிட்டு மத்தியானத்தில் நிம்மதியாகக் கண்ணயர்வாள்.

அப்படிக் கண்ணயர்ந்திருந்த ஒரு நாள், வீட்டை வாங்கிய ரஹீமுன்னிசா ஜட்கா வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். தையல் வேலை செய்து சேர்த்த பணத்தில் அந்த வீட்டை வாங்கியவள். முகம் வெளுத்திருந்தது. கையில் ஒரு காகிதம்.

“யக்கா, கார்ப்பரேஷன் நோட்டீசு. வரி பாக்கியாம். வூடு இன்னும் உன் பேருலதான் கீதாம்.”

குப்பம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. “உள்ள குந்திகினு வரி கட்டாம வுட்டியா?”

“கட்டத்தான் போனேன். என் பேரே அங்க இல்லன்னு திருப்பி அனுப்ச்சிட்டாங்கோ.” ரஹீமுன்னிசா காகிதத்தை அவள் மடியில் போட்டாள். “வூடு எனக்கு இல்லாம பூடுமாக்கா?”

அடுத்து வாய்வரை வந்த திட்டைக் குப்பம்மா விழுங்கிக்கொண்டாள். தனக்கு வந்தது வரி பாக்கிதான். இவளுக்கோ குடியிருக்கும் கூரையே ஆட்டம் கண்டிருக்கிறது.

“பத்திரம் உன்னாண்ட கீதா?”

“நெஞ்சோட வச்சிகினு வந்துகீறேன்.”

“அப்பால இன்னாத்துக்கு பேஜாரு? முதல்ல சோறு துன்னு. காலைல ரெண்டு பேரும் போவலாம்.”

மறுநாள் வரி ஆபீசில் குமாஸ்தா கிருஷ்ணப்பன் நோட்டீசையும் பத்திரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“வீட்டை வித்தா மூணு மாசத்துக்குள்ள இங்க எழுதிக் குடுக்கணும்மா. ஏன் குடுக்கல?”

“ரிஜிஸ்தர் ஆபீசுல கைநாட்டு வச்சேனே ஐயா!”

“அது சர்க்கார். இது கார்ப்பரேஷன்.”

“ஒரு வூட்டுக்கு எத்தினி மாமியாருங்கோ!”

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். கிருஷ்ணப்பனுக்கும் மீசைக்குள் சிரிப்பு வந்தது. “எழுதிக் குடுக்காத வரைக்கும் வரி உன் தலையிலதான். அபராதமும் உண்டு” என்றார்.

“நான்தானே அங்க குடியிருந்தேன், வரி என்னுது” என்று ரஹீமுன்னிசா முந்தினாள்.

“சரி, அபராதம் என்னுது. சொல்லாம வுட்டவ நான்தானே” என்றாள் குப்பம்மா.

வீட்டை விற்ற விவரத்தையும், விதி தெரியாமல் போனதையும் சொல்லி, இனி வரியை ரஹீமுன்னிசா பெயரில் வாங்கும்படி கேட்டுக் கிருஷ்ணப்பனே பதில் மனு எழுதினார். அபராதத்தைக் குறைக்கும்படி மேலதிகாரிக்கு ஒரு வாக்கியமும் சேர்த்தார். குப்பம்மா அதில் கைநாட்டு வைத்தாள். அபராதம் கேட்டபடியே குறைந்தது. பதிவேட்டில் எழுதிய புதுப் பெயரை அவர் உரக்கப் படித்தபோது ரஹீமுன்னிசா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

“இப்பவும் இன்னாமே அழுவ?”

“சந்தோசம்க்கா. வா, நம்ம வூட்டுக்குப் போவலாம்.”

அங்கே இருந்த காலமெல்லாம் தான் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்த வீட்டில் குப்பம்மா முதல்முறையாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள். ரஹீமுன்னிசா தேங்காய்ப் பால் ஊற்றி ஆப்பம் கொண்டுவந்து வைத்தாள். குப்பம்மா இன்னொன்று கேட்டு வாங்கித் தின்றாள்.