குரூத் குலுங்க வேண்டும்

"சாய்கால், சாயங்காலத்துக்குள்ள உன் சரக்கை எடுத்துட்டுப் போயிடு. அந்தத் தட்டுல சூரியகாந்தி விதை வைக்கப் போறேன்," என்றார் கடைக்காரப் பெண்மணி புருல்கான் எஜே. எங்கள் ஊரில் அக்காவை எஜே என்போம்.

கிர்கிஸ் தலைநகர் பிஷ்கெக்கில் குரூத் விற்க உறை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. குரூத் என்பது உப்பிட்ட தயிரை உருட்டிக் காயவைத்தது. சந்தையில் குவித்துப்போட்டு விற்பார்கள். பல்பொருள் கடைக்கு அது ஆகாது. அதனால் நான் முதன்முதலாக ஓர் உறை வடிவமைத்தேன். உள்ளிருக்கும் காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு மூடியது. பிளாஸ்டிக் ஒவ்வோர் உருண்டையையும் தோல் போல ஒட்டிப் பிடித்திருக்கும். ஈரம் புகாது, கொழுப்பு கெடாது. வேதியியல் படித்தவளுக்கு அதில் கொஞ்சம் கர்வம்.

இந்தக் கடையில் விற்றால்தான் குரூத்தை உறையிலிடும் பட்டறையில் என் வேலை நிலைக்கும்.

"சரி எஜே," என்றேன். தேயிலை அடுக்குக்குப் பின்னால் போய் நின்று, வாங்க வருபவர்களைக் கவனித்தேன்.

ஒரு பெண் என் குரூத் பாக்கெட்டை எடுத்தாள். காதருகே வைத்துக் குலுக்கினாள். வைத்துவிட்டாள். அடுத்து ஒரு டாக்ஸி ஓட்டுநர். அவரும் குலுக்கினார்.

"சத்தமே இல்ல. ஈரம் போல," என்று முணுமுணுத்துவிட்டுப் போனார்.

எனக்குக் காது சுட்டது. சந்தையில் நானும் அப்படித்தானே வாங்குகிறேன்! உள்ளங்கையில் குலுக்கினால் கூழாங்கல் போலக் கடகடக்க வேண்டும். அதுதான் நன்றாகக் காய்ந்தது. நான் உருண்டைகளை அசைய விடாமல் கட்டிப்போட்டிருந்தேன்.

பட்டறைக்கு ஓடினேன். மினிபஸ்ஸில் இடம் இருந்தும் உட்கார முடியவில்லை.

"துர்துபெக் பைக்கே, காத்தை உறிஞ்சாதீங்க!"

அண்ணன் முறையில் நான் பைக்கே என்று கூப்பிடும் பட்டறை முதலாளி இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்கினார். "நீதான உறிஞ்சச் சொன்ன?"

"இப்ப நிரப்பணும். நைட்ரஜன். கொழுப்பும் கெடாது, உருண்டையும் அசையும்."

"அப்ப காத்தை விக்கப் போறோம். உன் கல்யாணத்துக்கு வந்தா காலித் தட்டுதான் வைப்ப போல."

நைட்ரஜன் நிரப்பிய பை உப்பலாக வந்தது. குலுக்கினேன். பையின் மொரமொரப்புத்தான் பெரிதாகக் கேட்டது.

"சிப்ஸ் மாதிரி இருக்கு," என்றார் அவர்.

பை மெல்லியது, அதனால்தான். கெட்டியாக ஒன்று வேண்டும். மூலையில் சாலட் கடைகளுக்கென்று அடுக்கியிருந்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கோப்பைகள் கண்ணில் பட்டன. ஒன்றில் முக்கால்வாசி குரூத் போட்டேன். மேலே கொஞ்சம் இடம் விட்டு, நைட்ரஜன் செலுத்தி, வாயை மூடி ஒட்டினோம்.

அவர் குலுக்கினார். கடகட. நிறுத்தினார். மறுபடி குலுக்கினார்.

"அடேயப்பா! இது பேசுது, புள்ள!"

ஒரு பெட்டி நிறையச் செய்து எடுத்துக்கொண்டு திரும்பினேன். எஜே விதைப் பாக்கெட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். என் பாக்கெட்டுகள் தரையில் கிடந்தன. நைட்ரஜனைப் பற்றி, ஈரத்தைப் பற்றி வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வந்திருந்தேன்.

அதையெல்லாம் விட்டுவிட்டுக் கோப்பையைத் தூக்கிக் குலுக்கினேன்.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எஜே பிடுங்கித் தன் காதில் வைத்துக் குலுக்கினார்.

"இத மொதல்லயே கொண்டுவர என்ன கேடு உனக்கு?"

"எனக்கு ரெண்டு குடுங்க எஜே," என்றது வரிசையிலிருந்து ஒரு குரல். "எனக்கும்," என்றது இன்னொன்று.

விதைப் பாக்கெட்டுகள் தரைக்கு இறங்கின. நான் இன்னொரு கோப்பையை எடுத்துக் குலுக்கிக்கொண்டே இருந்தேன்.

"போதும், காது வலிக்குது!" என்று சிரித்தார் எஜே. "ஓடு, போய் இன்னும் கொண்டா!"