எதைப் போடுவது என்று எஸ்லினுக்குத் தெரியவில்லை

2008ஆம் வருடம் ஜூலை மாதம், மூக்கண்டப்பள்ளியில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் பயிற்சிக்கூடத்தில், எஸ்லின் தலையில் ஒரு வேலை வந்து விழுந்தது. ஷிப்ட் மாறி மாறி வேலை செய்கிற ஆபரேட்டர்கள் வகுப்பைத் தவறவிடுகிறார்கள். விட்டுப்போன பாடத்தை அவர்கள் கம்ப்யூட்டரில் படித்துக்கொள்ள வேண்டும். அதற்கு இலவசமாகக் கிடைக்கிற மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்.

எஸ்லின் நாகர்கோவில்காரி. எம்.சி.ஏ. முடித்து ஓசூருக்கு வந்து ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. பயிற்சி மேலாளர் ரத்தினவேல் கேட்டபோது, இரண்டு நாள் வேலை என்று நினைத்துத் தலையாட்டிவிட்டாள். இணையத்தில் தேட ஆரம்பித்த பிறகுதான் மாட்டிக்கொண்டது தெரிந்தது. இருபதுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றையும் ஒரு கூட்டம் ஆஹா என்றது, இன்னொரு கூட்டம் ஐயோ என்றது. பெங்களூரில் மென்பொருள் கம்பெனியில் இருந்த தோழி லாவண்யாவுக்குப் போன் போட்டாள். திங்கட்கிழமை ஒன்றைச் சிபாரிசு செய்த லாவண்யா, புதன்கிழமை, "அதையா சொன்னேன்? சேச்சே, அது வேண்டாம்டி" என்றாள்.

கடைசியில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் அட்டவணை போட்டாள். தமிழ் எழுத்து தெரியுமா, படம் ஏற்றலாமா, பழைய கம்ப்யூட்டரில் ஓடுமா என்று நாற்பத்து மூன்று கேள்விகள். இருப்பதற்கு ஒரு டிக், இல்லாததற்கு ஒரு பெருக்கல் குறி. கூட்டிப் பார்த்தால் மூன்றுக்கும் முப்பத்தொன்று. திரும்பவும் கூட்டினாள். அதே முப்பத்தொன்று.

வியாழக்கிழமை ரத்தினவேல் வந்து நின்றார்.

"இது எந்தக் கம்பெனிதும்மா?"

"கம்பெனி இல்ல சார். ஓப்பன் சோர்ஸ். உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து எழுதுறது. யார் வேணும்னாலும் தொறந்து பாக்கலாம், மாத்தலாம்."

"முதல்ல இருக்கறதுக்குப் பேரு?"

"மூடில்."

"தொறந்து இருக்குதுன்றீங்க, பேரு மூடுன்றீங்க. ஒண்ணும் புரியல. சரி, நாளைக்கு நின்னு போச்சுன்னா யாரை வரச் சொல்றது?"

"வரச் சொல்ல முடியாது சார். கேள்வி எழுதிப் போட்டா யாராவது பதில் எழுதுவாங்க."

"யாரு?"

"தெரியல சார்."

சொன்னது உண்மைதான். ஆனாலும் அவள் காதுக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. "நாளைக்குச் சாயங்காலம் எதுன்னு சொல்லிடுங்க" என்று ரத்தினவேல் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, வேறு வழி தோன்றாமல், ஷிப்ட் முடிந்து வந்த சம்பங்கியைக் கையோடு கூட்டிவந்தாள். சம்பங்கி சூளகிரியிலிருந்து பஸ்ஸில் வருகிற ஆபரேட்டர். வீட்டில் தெலுங்கு, லைனில் தமிழ், சூபர்வைசரிடம் கன்னடம். மைக்ரோமீட்டர் கருவியில் அளவு படிக்கிற தேர்வில் தேறினால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம். ஒரு முறை தவறிவிட்டாள்.

மூன்று கம்ப்யூட்டரில் மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. பாடத்தை எடுத்துப் பார் என்று மட்டும் சொல்லிவிட்டு எஸ்லின் பக்கத்தில் நின்றாள். முதலாவதில் சம்பங்கி பாடத்தைத் தேடாமல் திரையோரத்து நாட்காட்டியை அழுத்திக்கொண்டிருந்தாள். இரண்டாவது ஈமெயில் கேட்டது. "எங்க வூட்ல யாருக்கும் அது இல்லீங்களே மேடம்" என்று, கம்பெனி கொடுத்த தன் டோக்கன் நம்பரைத் தட்டினாள். அது ஏற்கவில்லை. மூன்றாவதில் பாடம் சட்டென்று வந்துவிட்டது. அப்பாடா என்று எஸ்லின் மூச்சு விட்டாள்.

பத்துக் கேள்விப் பயிற்சி வந்ததும் சம்பங்கியின் கை மவுஸை விட்டு விலகிக்கொண்டது.

"மேடம், இதுல நான் தப்பாப் போட்டா சூபர்வைசருக்குத் தெரியுங்களா?"

எஸ்லின் மனசுக்குள் அட்டவணையைப் புரட்டினாள். நாற்பத்து மூன்று கேள்வியில் இது இல்லை.

"பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாள். அவசரத்தில் ஊர்ப்பேச்சு வந்துவிட்டது.

மதியம் முழுக்க அதைத்தான் பார்த்தாள். மூன்றாவதில் மார்க்கை மறைக்க வழியே அவள் கண்ணில் படவில்லை. முதலாவதில் இருந்தது, ஆனால் யார் எதைப் பார்க்கலாம் என்று நூற்றுக்கணக்கான கட்டங்கள். எதில் டிக் வைத்தால் எது மறையும் என்று விளங்காமல், வைத்து, எடுத்து, சூபர்வைசர் பெயரில் உள்ளே போய்ப் பார்த்து, நாலரை மணிக்கு ஒரு வழியாக மறைந்தது. நாட்காட்டியையும் எடுத்துவிட்டாள்.

"முதலாவதையே போடலாம் சார். பயிற்சி மார்க் எழுதுறவங்களுக்கு மட்டும் தெரியும், சூபர்வைசருக்குத் தெரியாம வச்சிருக்கேன்" என்றாள் ரத்தினவேலிடம்.

"மார்க் தெரியாத பரீட்சை எதுக்குங்க?"

"பயந்து யாரும் தொடலன்னா பாடம் எதுக்கு சார்?"

அவர் நெற்றியைத் தேய்த்தார். "எனக்குக் கொழப்பமா இருக்குது. ஒரு மாசம் பாப்போம்."

எனக்கும்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டாள்.

மூன்று வாரம் எஸ்லினுக்கு நிம்மதி இல்லை. அந்த மூன்றாவதையே போட்டிருக்கலாமோ என்று தினமும் ஒரு தடவை தோன்றியது. லாவண்யா வேறு போன் பண்ணி, புதிதாக ஒன்று வந்திருப்பதாகச் சொன்னாள். ஆனால் டீ இடைவேளையில் பயிற்சிக்கூடத்து நாற்காலிகள் காலியாக இருப்பதில்லை. சம்பங்கி மட்டும் அந்தப் பயிற்சியைப் பதினாலு தடவை போட்டிருந்தாள். எத்தனை தடவை என்பதைப் பார்த்த எஸ்லின், மார்க்கைப் பார்க்காமல் பக்கத்தை மூடினாள்.

ஒரு காலையில், ஷிப்ட் முடிந்து, சம்பங்கியே ஓடிவந்தாள்.

"பத்துக்குப் பத்து மேடம்! சூபர்வைசர் சாருக்குக் காட்டுங்க. அவரு இப்பவே பாக்கணும்."

எஸ்லின் சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கட்டங்கள் திரை நிறைய விரிந்தன. அன்று எந்த டிக்கை எடுத்தோம் என்று சுத்தமாக நினைவில்லை. சம்பங்கி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க மெதுவாத் தேடுங்க மேடம். எனக்குப் பஸ்ஸு ஒம்பதரைக்குத்தான்."