ஓடும்போதே பெயர் மாற்றம்

அண்ணி வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் அல்ல. தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை நர்ஸ் அவள். அங்குள்ள கணினியின் இயங்குதளத்தைப் பராமரிப்பது அவளுடைய நாத்தனார் குட்டி வேலை பார்க்கும் அலுவலகம்.

"குட்டி, திரையில எல்லாரோட துடிப்பும் தெரியுது. ஆனா அபாய மணி ஊமையாயிடுச்சு. கட்டிலுக்கு ஒரு நர்ஸை நிறுத்தியிருக்கேன்."

குட்டிக்குக் காரணம் சட்டென்று பிடிபட்டது. காலையில், கட்டில்களிலிருந்து துடிப்புகளைக் கணினிக்குக் கொண்டுவரும் பழைய நெட்வொர்க் கார்டைக் கழற்றிப் புதியதைச் செருகியிருந்தார்கள். இயங்குதளத்தின் உள்மையமான கர்னல் அதற்கு வேறு பெயர் சூட்டிவிட்டது. மணியடிக்கும் மென்பொருளோ பழைய பெயரையே தேடிக்கொண்டிருந்தது. அதில் கை வைக்க வழியில்லை. வெளி நிறுவனம் யாரும் திருத்த முடியாதபடி பூட்டிக் கொடுத்தது.

"கார்டை நிறுத்திட்டுப் பேரை மாத்து," என்றார் குட்டியின் மேலாளர். "கார்டு ஓடிட்டிருக்கும்போது பேரை மாத்த கர்னல் விடாது."

"நிறுத்தினா திரை இருண்டுடும் சார். அண்ணி என் தோலை உரிச்சிடுவாங்க. அந்தத் தடையையே தூக்கிடறேன்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "காரணமில்லாமலா வெச்சிருப்பாங்க?"

"காரணம் இருக்கு. பேர் மாறினது தெரியாம மத்த புரோகிராமெல்லாம் திருதிருன்னு முழிக்கும். மாறின கையோட எல்லாத்துக்கும் தகவல் சொல்லிட்டா போச்சு. கர்னல் கார்டை அடையாளம் வெச்சிருக்கிறது நம்பரை வெச்சு. பேரு நமக்காகத்தான்."

உட்கார்ந்தாள், கர்னலுக்கான திருத்தத்தை எழுதினாள். உதிரிக் கணினியில் அபாய அளவிலான போலித் துடிப்புகளை ஓடவிட்டுப் பெயரை மாற்றினாள். மணி வாயே திறக்கவில்லை. மேலாளர் தொண்டையைக் கனைத்தார். அவள் அசரவில்லை. தகவல் முந்திப் போயிருக்கிறது, பெயர் பிந்தி மாறியிருக்கிறது. இரண்டு வரிகளை இடம் மாற்றினாள். இப்போது மணி அலறியது. பெயரைத் திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்தாள். ஒரு துடிப்புகூடத் தவறவில்லை.

"அனுப்பு," என்றார் மேலாளர்.

மருத்துவமனைக் கணினியில் ஓடும் கர்னலிலேயே அந்தத் திருத்தத்தை ஒட்டவைத்து, பெயரை மாற்றினாள். "அண்ணி, திரை?"

"கண்கூடச் சிமிட்டலை. மணி?"

"யாராவது ஒருத்தரை, விரல்ல மாட்டியிருக்கிற துடிப்பு கிளிப்பைக் கழட்டச் சொல்லுங்க."

அண்ணி சொல்வதற்குள் தொலைபேசியில் மணி காதைப் பிளந்தது. பின்னால் நர்ஸ்களின் சிரிப்பு. அதற்கும் மேலே ஒரு கிழவரின் கோபக் குரல்:

"ஏம்மா, ஒரு மனுஷன் இதைக் கழட்டிட்டு மூக்கைச் சொறியக் கூடாதா?"