காலியாக விட்ட கட்டம்

ஓமனா ஒரு காரியத்தை முடிவு செய்துவிட்டால் கர்த்தரே இறங்கி வந்து சொன்னாலும் கேட்கமாட்டாள் என்று அவள் கணவர் தங்கையன் தங்கள் ஊரான நேமத்துச் சந்தையெல்லாம் சொல்லித் திரிந்த காலம் ஒன்று உண்டு. இப்போது அவருக்கு அது மறந்துவிட்டது. அவளுடைய பிடிவாதம் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் அப்படியே இருந்தது.

2008 ஆகஸ்டில் அவள் செய்த முடிவு, தங்கையனுக்கு நீல மருந்து கொடுப்பது.

செய்தி துபாயிலிருந்து வந்தது. மகன் ஷிபு ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அழைத்தான். வெளிநாட்டில் ஏதோ மாநாட்டில் டாக்டர்கள் சொன்னார்களாம். மறதி நோய்க்காரர்களுக்கு ஒரு நீல மருந்தை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்ததில் நோய் வேகம் குறைந்ததாம். "பேரு மெத்திலின் ப்ளூ அம்மா. கேட்டிருக்கியளா?" என்றான்.

கேட்டிருக்கிறாளாவது! மெடிக்கல் காலேஜ் பக்கத்துத் தனியார் லேபில் முப்பத்தொரு வருஷம் அவள் கண்ணாடிச் சில்லில் கிருமி பார்த்தது அந்தச் சாயத்தை வைத்துத்தான். ஷிபுவின் கல்யாண ஆல்பத்தில் பட்டுச்சேலையும் நீல நகமுமாக நிற்கிறாள். தினமும் கையில் அப்பிக் கிடந்த சரக்கு, சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவள் கழுவி விட்ட சரக்கு, அதுவா இவருக்கு மருந்து? ஃபோனை வைத்ததும் சிரித்தாள். பிறகு அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் முடிவு செய்துவிட்டாள்.

தங்கையன் அரசு பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷம் தம்பானூரிலிருந்து போனக்காடு எஸ்டேட்டுக்கு மலையேறி இறங்கியவர். இப்போது சந்தையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்கிறார். துவைத்த சட்டையைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைக்கிறார். டி.வி. ரிப்பேர் செய்ய வந்தவனை ஷிபு என்று கட்டிப் பிடித்துக்கொண்டு விடவில்லை. காலையில் காப்பி குடித்ததும் ஓமனா அவரிடம் பஸ் நிற்கும் இடங்களை வரிசையாகச் சொல்லச் சொல்வாள். அது அவளாகக் கண்டுபிடித்த டெஸ்ட். போன கிறிஸ்துமஸுக்குப் பத்தொன்பதும் சொன்னார். ஈஸ்டருக்குப் பதினான்கு. இப்போது பதினொன்று. குறைந்துகொண்டு போகிற அந்த எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது.

அவசரப்பட்டு எதையாவது கரைத்துக் கொடுக்கிற ஆளும் அவள் இல்லை. லேபுக்காரி அல்லவா, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துத்தான் இறங்குவாள். முதலில் ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் போனாள். லேபுக்கு ரசாயனம் கொடுக்கும் பிச்சையா கடையில் மீன் வளர்ப்பவர்களும் இதே நீலம் வாங்குவார்கள். பிச்சையா திருநெல்வேலிக்காரர்.

"யக்கா, ரிட்டையர் ஆயாச்சுல்லா? இப்ப எதுக்கு இது? மீன் தொட்டி வச்சிருக்கேளா?"

"குடிக்கதுக்கு."

பிச்சையா கையிலிருந்த பொட்டலத்தைத் திரும்ப டின்னுக்குள் போட்டுவிட்டார். "இது மூட்டையில வாற சரக்கு. சாயத்துக்கு வாறது. இதுக்குள்ள ஈயம் கெடக்கோ பாசாணம் கெடக்கோ, எனக்கே தெரியாது. மீனு செத்தா எவனும் கேக்க மாட்டான். ஒங்க வீட்டு ஆளுக்குன்னா நான் தரமாட்டேன்."

"அப்படின்னா ஊசி மருந்துத் தரத்துல உள்ளத வரவழைச்சுத் தாரும். சர்ட்டிபிகேட்டோட வேணும்."

அவர் தலையைச் சொறிந்தார். ஆனாலும் ஒன்பது நாளில் சென்னையிலிருந்து வரவழைத்துக் கொடுத்தார். ஓமனா சர்ட்டிபிகேட்டை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் பையில் வைத்தாள்.

அடுத்து, தன் உடம்பிலேயே பார்த்தாள். பத்து நாள் காலையில் கொஞ்சம் தண்ணீரில் கலந்து குடித்தாள். நாக்கு நீலம், பல் நீலம், கழிப்பறைப் பீங்கான் பச்சை. தங்கையன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். "நீ என்ன பிள்ள, மையைக் குடிச்சியா?" என்று கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். மறுநாளும் அதையே கேட்டு, முதல்முறை பார்க்கிறவர்போலவே சிரித்தார். பத்து நாள் முடிந்தது. அவளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

மூன்றாவது ரத்தம். சிலருடைய ரத்தத்தில் ஒரு நொதி குறைவாக இருக்கும். அவர்களுக்கு இந்த நீலம் உள்ளே போனால் சிவப்பணுக்கள் உடைந்துபோகும். அதைக் கண்டுபிடிக்கிற டெஸ்டே இதே நீலத்தை வைத்துச் செய்வதுதான். ரத்தத்தை ஒரு உப்பால் பழுப்பாக்கி, இந்த நீலத்தைக் கலந்து மூன்று மணி நேரம் சூட்டில் வைத்தால், நல்ல ரத்தம் சிவப்பாகத் திரும்பும், குறையுள்ளது பழுப்பாகவே கிடக்கும். ஓமனா எத்தனையோ பிள்ளைகளுக்குச் செய்த டெஸ்ட். தங்கையனை அழைத்துக்கொண்டு பழைய லேபுக்குப் போனாள். அவளே படிவம் எழுதினாள், அவளே ரத்தம் எடுத்தாள்.

இப்போது லேபில் பொறுப்பு ரெம்யாவுக்கு. அவள் படிவத்தைப் பார்த்தாள், ஓமனாவைப் பார்த்தாள், படிவத்தைத் திருப்பி நீட்டினாள்.

"சேச்சி, இத எடுக்க முடியாதல்லோ. மருந்து எழுதுற கட்டம் காலியா கிடக்கு."

"நான் ஓமனா, பிள்ள. எனக்கேயா?"

"கட்டம் காலியா வந்தா ஆரா இருந்தாலும் திருப்பி விடணும்னு நோட்டீஸ் எழுதி ஒட்டினது ஆரு? தோ, இப்பவும் செவுத்துல இருக்கல்லோ." ரெம்யா சிரித்தாள், ஆனால் படிவத்தை வாங்கவில்லை.

சுவரில் ஓமனாவின் கையெழுத்து பல்லை இளித்தது. 'தற்போது உட்கொள்ளும் மருந்துகள்' என்ற அந்தக் கட்டத்துக்காக எத்தனை நர்ஸுகளை அவள் விரட்டியிருக்கிறாள்! எரிச்சலோடு பேனாவை எடுத்து எழுதினாள். ஃப்ளுவோக்செடின், தினம் ஒன்று, ஐந்து வருஷமாக.

"இது மனசு சரியில்லாத்தவங்களுக்கு உள்ள குளிகையல்லே? நீலம் குடுக்கப்போறத ஷைலஜா டாக்டர்ட்ட சொல்லியாச்சா?"

சொல்லவில்லை. சொன்னால் டாக்டர் வேண்டாம் என்பார், அதனால்தான் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தை மறந்துபோய் விடவில்லை, தெரிந்தேதான் காலியாக விட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் ஓமனாவுக்கு உறைத்தது. முப்பத்தொரு வருஷ வேலையில் அவள் வெட்கப்பட்ட நாள் அது ஒன்றுதான், அதுவும் ரிட்டையரான பிறகு.

மாலை டெஸ்ட் ரிசல்ட் வந்தது. ரத்தம் நல்ல சிவப்பு. அந்தக் காகிதத்தோடு மறுநாள் ஷைலஜா டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஐந்து வருஷமாகத் தங்கையனுக்கு அந்தக் குளிகையை எழுதிக் கொடுப்பவர் அவர்தான். டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் ஓமனா சண்டை போட்டிருப்பாள்.

"ஓமனா, நீங்க மூணு கதவ பூட்டிட்டு நாலாவத திறந்து போட்டிருக்கீங்க. இந்த ப்ளூவை ஆபரேஷன் நேரத்துல நரம்புல ஏத்தினப்ப, இதே மாதிரிக் குளிகை சாப்பிடுற சில பேருக்கு ஜுரம், நடுக்கம், பிச்சும் பேயுமா உளறுறது எல்லாம் வந்திருக்கு. ஐ.சி.யு. வரைக்கும் போயிருக்கு. ரெண்டும் சேர்ந்தா மூளையில ஒரு சரக்கு அளவுக்கு மேல ஏறிப்போகுது."

"அது நரம்புல. நான் வாயில கொஞ்சமா..."

"வாயில கொஞ்சமா குடுத்தா வருமா? எனக்கு அறியில்ல. அறியாத்த விஷயத்த உங்க ஆள் மேல பரீட்சிக்க நான் சம்மதிக்க மாட்டேன்."

"அப்ப அந்த மாநாட்டுல சொன்னது பொய்யா?"

"பொய்யின்னு நான் சொல்லல்ல. ஒரு தடவ பார்த்திருக்காங்க, இனியும் பார்க்கணும். நிஜம்னா ஒருநாள் அளவு எழுதின டப்பாவில கடைக்கு வரும்."

ஓமனா எழுந்திருக்கவில்லை. "குளிகைய நிறுத்திட்டுக் குடுத்தா?"

"அது உடம்ப விட்டுப் போக அஞ்சு வாரம் ஆகும். நிறுத்தினா அவர் எப்படி இருப்பார்னு என்னைவிட உங்களுக்குத் தெரியும்."

தெரியும். 2001 டிசம்பரில், காணித்தடம் செக்போஸ்ட் தாண்டி மூன்றாவது வளைவில், பஸ்ஸைப் பிடிக்கத் தேயிலை மேட்டிலிருந்து ஓடி இறங்கிய ஏழு வயதுப் பிள்ளை சக்கரத்துக்கு முன்னால் விழுந்தாள். எஸ்டேட் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, பேர் பேச்சி. விசாரணையில் டிரைவர் மேல் பிழை இல்லை என்று எழுதினார்கள். எழுதி என்ன? தங்கையன் அதன் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. இரண்டு வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தார். இந்தக் குளிகை தொடங்கி மூன்றாம் மாதம் ஒரு காலை தானாக எழுந்து வந்து, "மரச்சீனி அவிக்கலியா?" என்று கேட்டார். அன்று அடுக்களையில் ஓமனாவுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

ஐந்து வாரம்தானே என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்தாள். இரண்டு வருஷம் தாங்கியவளுக்கு ஐந்து வாரம் ஒரு பொருட்டா? கூடவே இருந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டால் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் ஐந்து வாரத்தை எண்ணி ஒரு தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள்.

மறுநாள் காலை காப்பி கொடுத்தாள். குளிகையைக் கொடுக்காமல் உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டாள்.

தங்கையன் காப்பியைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வலது கையை நீட்டினார். சட்டை எங்கே என்று தெரியாத மனுஷன், இன்று என்ன கிழமை என்று தெரியாத மனுஷன், கையை நீட்டியபடி காத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குக் குளிகை இல்ல," என்றாள் ஓமனா. "ஸ்டாப்பு சொல்லுங்க."

கையை மடக்காமலே சொன்னார். "தம்பானூரு... பேரூர்க்கட... நெடுமங்காடு... தொளிக்கோடு... வித்துரா..." நடுவில் பலதும் விழுந்துபோயிருந்தன. "காணித்தடம்" என்றவர் நின்றுவிட்டார்.

"பெறவு?"

"பெறவு பேச்சி."

ஐந்து வருஷமாக அந்தப் பேர் இந்த வீட்டில் கேட்டதில்லை. மறந்துவிட்டார் என்றே நினைத்திருந்தாள். மறதியில் ஒரு நல்லதாவது நடந்ததே என்று ஜெபத்தில் நன்றிகூடச் சொல்லியிருக்கிறாள்.

"அவள ஓர்ம இருக்கா உங்களுக்கு?"

"மத்ததெல்லாம் போவுது ஓமனா. வீட்டுக்கு வழி போச்சு. ஒருநாள் உன் பேரும் போவும், எனக்குத் தெரியும். அவ பேரு மட்டும் போவாது." நீட்டிய கையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். "இந்தக் குளிகையத் தின்னா அவ ரோட்டுக்கு அந்தப் பக்கமே நிப்பா. ஓடி வரமாட்டா. அதான் கேக்கேன்."

ஓமனா எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். நீலத்தை, மாநாட்டை, ஐந்து வாரத்தை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல இல்லாமல், பெண்டாட்டி புருஷனிடம் சொல்வதுபோலச் சொன்னாள். அவர் எவ்வளவு பிடித்துக்கொண்டார் என்று தெரியவில்லை. ஆனால் கடைசியில் சொன்னது தெளிவாக இருந்தது.

"உன் நீலத் தண்ணி நல்லதாத்தான் இருக்கும். நீ கெட்டது குடுக்கமாட்ட. ஆனா அஞ்சு வாரம் அவகூட என்ன ஒத்தைக்கு விடாத."

ஓமனா மூடியிருந்த கையைத் திறந்தாள். குளிகை வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. அதை எடுத்து அவர் கையில் வைத்தாள். வட்டம் போட்ட காலண்டர் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டாள். அன்று பத்து மணிக்கு நீலப் புட்டியை ரெம்யாவின் மேசையில் கொண்டுபோய் வைத்து, "சில்லுக்கு மட்டும் உபயோகிச்சாப் போதும்" என்றாள். தோற்றுப்போன வருத்தம் இருந்தது, இல்லாமல் என்ன? வரும் வழியில் பஸ் ஸ்டாப்பில் நின்று அழவும் செய்தாள். ஆனால் ஓமனா சும்மா இருக்கிற பிறவி இல்லை. நேமத்தில் இறங்குவதற்குள் அடுத்த முடிவு செய்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை, குளிகை கொடுத்த பிறகு, தங்கையனைக் குளிக்க வைத்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, போனக்காடு பஸ்ஸில் ஏற்றினாள். டிரைவருக்குப் பின்னாலுள்ள சீட். ஏழு வருஷமாக அவர் போகாத வழி. அவள் கையில் ஒரு நோட்டு. பஸ் நின்ற இடமெல்லாம் அவர் பேர் சொல்ல, இவள் எழுதினாள். வீட்டில் மறந்துபோனதெல்லாம் சன்னலுக்கு வெளியே அவருக்காகக் காத்துக் கிடந்தன. "சுள்ளிமானூரு. இஞ்ச காத்து நின்னு ஏறுவானுவ... தேவியோடு... மருதாமல..." குரலில் பழைய அதட்டல் வந்துவிட்டது.

காணித்தடம் தாண்டியது. முதல் வளைவு. இரண்டாவது. அவர் பேச்சை நிறுத்தினார். முன்கம்பியைப் பிடித்த கை இறுகியது. ஓமனா கீழே பார்த்தாள். அவருடைய வலது கால், இல்லாத பிரேக்கைத் தேடி, பஸ்ஸின் தரையைப் பலங்கொண்ட மட்டும் அழுத்திக்கொண்டிருந்தது. கொண்டுவந்து தப்பு செய்துவிட்டோமோ என்று அவளுக்கு உயிரே போனது. அவர் தொடைமேல் கை வைத்தாள்.

மூன்றாவது வளைவில் பஸ் மெதுவாகத் திரும்பியது. தங்கையன் மேட்டுப் பக்கம் பார்த்தார். வெகுநேரம், கண்ணை எடுக்காமல்.

"அந்தப் பக்கம்தான் நிக்கா," என்றார்.

பஸ் கடந்து போயிற்று. கால் மெல்லத் தளர்ந்தது. நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு அவர் ஓமனா பக்கம் திரும்பினார்.

"நீ என்ன பிள்ள எழுதுத?"

"ஸ்டாப்பு பேரு. உங்களுக்கு மறந்துபோச்சுன்னா பாக்கதுக்கு."

"நோட்டு எனக்கு எதுக்கு? நோட்ட எங்க வச்சேன்னு மறந்துபோவேன்." அவர் அவள் கையிலிருந்த பேனாவை வாங்கித் தன் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். "நீ மனசுல படி. நாளைக்கு எனக்குச் சொல்லித் தர ஆளு வேண்டாமா? தம்பானூருலேர்ந்து தொடங்கு, கேப்போம்."

ஓமனா நோட்டை மூடி மடியில் வைத்தாள். முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.