தொண்டையில் ஒரு முள்

வில்கினுக்குப் பிடிக்காத மனிதர்கள் என்று யாரும் கிடையாது. பிடிக்காத பொருள் ஒன்று இருந்தது. மாடியிலிருந்த அவன் ஒலிப்பதிவு அறையில், நாற்காலிக்குப் பின்னால் கிடந்த சோபா. பாடியவர்கள் பாடிவிட்டுக் கிளம்ப வேண்டும். குரலையும் வாத்தியங்களையும் பதமாகக் கலந்து பாட்டாக்குவது அவன் வேலை. ஆனால் சந்தியாகோ ஊரில் எந்தப் பாடகர் கிளம்பினார்? எல்லோரும் அந்தச் சோபாவில் சாய்ந்துகொண்டு, "தம்பி, என் குரலைக் கொஞ்சம் ஏத்து" என்பார்கள்.

ராதமேஸிடம் அந்தக் "கொஞ்சம்" கூடக் கிடையாது.

வாரநாட்களில் ராதமேஸுக்கு டயர் கடை. சனி ஞாயிறுகளில் மெரெங்கே என்ற ஆட்டப்பாட்டுப் பாடகர். அவர் மனைவி ஃபியோர்தலீசா அக்கார்டியன் பெட்டி வாசிப்பாள். கூட ஒரு தம்போரா மத்தளம், தாளத்துக்கு ஒரு சுரண்டுத் தகடு, ஒரு பேஸ் கிட்டார். அவ்வளவுதான் குழு. ஃபியோர்தலீசாவின் விரல்கள் கட்டைகளில் ஓட ஆரம்பித்தால் கூட்டத்தில் நாற்காலிகள் காலியாகும், அத்தனை பேரும் ஆட எழுந்துவிடுவார்கள். கூட்டம் அவளுக்காகத்தான் வருகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் இப்போது சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

"ஏத்து."

வில்கின் ஏற்றினான்.

"இன்னும் ஏத்துடா. பொண்டாட்டி பெட்டிதான் கேக்குது. நான் எங்க இருக்கேன்? சமையக்கட்டுலயா?"

"அண்ணே, இதுக்கு மேல ஏத்தினா கேக்கறவன் காதுல ரத்தம் வரும்."

"வரட்டும். துடைச்சுக்குவான்."

பாட்டு என்னவோ நல்ல பாட்டு. வீட்டுச் சாவியை எங்கேயோ தொலைத்த ஒருவன் மழையில் நனைந்துகொண்டு மனைவியிடம் கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சுகிறான். முதல் பாதியில் ராதமேஸ் முணுமுணுப்பாக, கதவில் வாயை வைத்துப் பேசுவது போலப் பாடுவார். பின்பாதியில் அக்கார்டியன் சுழன்று சுழன்று ஏறும்போது "திற! திற!" என்று கத்துவார். கெஞ்சல் ஒருவர் காதிலும் விழாது. கத்தலில் அக்கார்டியன் செத்துப்போகும். இரண்டுக்கும் நடுவில் வில்கின் காலையிலிருந்து மாரடித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் ராதமேஸ் திரையில் அதைப் பார்த்தார்.

"அது என்னடா?"

திரையில் ஒரு பழைய மெஷின் தெரிந்தது. சாம்பல் நிற இரும்பு முகப்பு, மூலைக்கு ஒரு ஸ்க்ரூ, இரண்டு தடித்த குமிழ், நடுவில் மஞ்சள் விளக்கு எரியும் ஒரு கண்ணாடி ஜன்னல், அதற்குள் ஒரு முள்.

"கம்ப்ரஸர்ண்ணே."

ராதமேஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கம்ப்ரஸரா? என்கிட்டயே கம்ப்ரஸர் காட்டுறியா? என் கடையில ரெண்டு வெச்சிருக்கேன். எங்க இருக்கு இந்த மெஷின்?"

"மெஷின் இல்லண்ணே. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற புரோகிராம். அந்தக் காலத்து மெஷின் பாட்டுக்கு ஒரு சூடு கொடுக்கும், அதை அப்படியே இதுல செஞ்சிருக்காங்க. பார்க்கவும் அதே மாதிரி வரைஞ்சிருக்காங்க."

"ஸ்க்ரூ துருப்பிடிச்சிருக்கே?"

"துருவையும் வரைஞ்சிருக்காங்க."

"பைத்தியக்காரனுங்க." ராதமேஸ் திரைக்கு மிக அருகில் வந்தார். "இந்தப் பொத்தான் எதுக்கு?"

"பழைய மெஷின்ல ஒரு இரைச்சல் வரும் இல்லையா, ட்ரான்ஸ்ஃபார்மர் மாதிரி? அதை அமுக்கினா அந்த இரைச்சலும் வரும்."

தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மர் பகலெல்லாம் ஜன்னல் வழியாக ரீங்காரமிட்டுக்கொண்டிருந்த அந்த அறையில், இரைச்சலைச் சேர்க்க ஒரு பொத்தான் என்பதை ராதமேஸால் ஜீரணிக்க முடியவில்லை. ஆனால் வில்கின் பாட்டை ஓடவிட்டதும் மற்றதெல்லாம் மறந்துபோனது. அவருடைய குரல் "திற!" என்று எழும்பிய நொடியில் முள் துள்ளி விழுந்தது. மறுபடி "திற!" மறுபடி துள்ளல்.

"முள்ளு ஆடுது!"

"ஆமாண்ணே."

"என் குரலுக்கா?"

"உங்க குரலுக்கு மட்டுந்தான்."

உண்மை என்னவென்றால், குரல் எகிறும்போதெல்லாம் தலையில் கை வைத்துக் கீழே அமுக்குவதுதான் அந்தக் கம்ப்ரஸரின் வேலை. எவ்வளவு அமுக்குகிறது என்பதைத்தான் முள் காட்டும். ஆனால் டயர் கடைக்காரர் முள்ளைக் கண்டால் காற்று ஏறுகிறது என்றுதானே நினைப்பார்?

"காத்து ஏறுது பாரு," என்று ராதமேஸ் தொடையில் தட்டினார். "ஆனா முள்ளு இடது பக்கமா போகுதே? என் கடை முள்ளு வலது பக்கம்தானே போகும்?"

வில்கின் ஒரு கணம் யோசித்தான். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். சோபாவைப் பார்த்தான். காலையிலிருந்து கேட்ட "ஏத்து"க்களையெல்லாம் நினைத்தான். வாய் தானாகவே வேறு ஒன்றைச் சொன்னது.

"பழைய மெஷின் இல்லையாண்ணே, அதுல எல்லாம் திருப்பித்தான் இருக்கும். உங்க குரல் முன்னாடி முள்ளு நிக்க முடியாம ஓடுது."

"ஓடுதா?" ராதமேஸின் முகம் மலர்ந்தது. "இன்னும் ஓட வைக்க முடியுமா?"

"முடியுமே."

வில்கின் குமிழைத் திருகினான். முள் இன்னும் ஆழமாக விழுந்தது. ராதமேஸின் கத்தல் வாசலைத் தாண்டாமல் நின்றது. அதன் பின்னாலிருந்து ஃபியோர்தலீசாவின் அக்கார்டியன், நெரிசல் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தவளைப் போல நிம்மதியாக வெளியே எட்டிப்பார்த்தது. கத்தல் அடங்கிய பிறகு மொத்தக் குரலையும் சற்று உயர்த்த முடிந்தது; அதனால் முதல் பாதிக் கெஞ்சலும் தெளிவாகக் காதில் விழுந்தது. வில்கின் காலையிலிருந்து தேடிய பாட்டு அதுதான்.

ராதமேஸோ காதால் எதையும் கேட்கவில்லை. முள்ளைப் பார்த்தபடி, கால்பந்து பார்ப்பவர் போல, ஒவ்வொரு துள்ளலுக்கும் "அடி! அடி!" என்று கூவிக்கொண்டிருந்தார்.

மதியம் ஃபியோர்தலீசா பாஸ்தெலித்தோ பலகாரப் பொட்டலத்தோடு வந்தாள். ராதமேஸ் அவளைப் பிடித்து இழுத்துத் திரைக்கு முன்னால் நிறுத்தினார். "பாரு, என் குரலுக்கு முள்ளே சாயுது!" என்று காட்டிவிட்டு, பீர் வாங்கக் கடைக்கு இறங்கினார். அவள் திரையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிப் பாட்டை முழுக்கக் கேட்டாள்.

"வில்கின், என் பெட்டி கேக்குதே."

"கேக்குதுக்கா."

"கல்யாணம் ஆனதுல இருந்து இப்பதான் கேக்குது. அந்த ஆளு எப்படி ஒத்துக்கிட்டாரு? அந்த முள்ளு என்ன செய்யுது?"

வில்கின் தலையைச் சொறிந்தான். பிறகு சொன்னான். ஃபியோர்தலீசா வாயில் வைத்த பாஸ்தெலித்தோவோடு சிரிக்க ஆரம்பித்து, புரையேறி, சோபாவில் விழுந்தாள். கீழே பியூட்டி பார்லரிலிருந்து "மேல என்ன, யாராவது சாகறீங்களா?" என்று குரல் வந்தது.

"அமுக்குதா? கழுத்தைப் பிடிச்சா?"

"கழுத்தைன்னு இல்லக்கா. தோள்ல கை போட்டு, மெதுவா."

"இன்னும் நல்லா அமுக்க முடியுமா?"

"இதுக்கு மேல போனா மூச்சு முட்டும். பாட்டு கெட்டுடும்."

"சரி, பாட்டு கெட வேணாம்," என்றாள் அவள், சற்று வருத்தத்தோடு. "அவர்கிட்ட சொல்லிடாத."

பாட்டு வெளியானது. ஞாயிறு மாலைகளில் பீரும் ஆட்டமுமாக ஊரே கூடும் கார் கழுவும் இடத்தில், ஈரத் தரையில் ஜோடிகள் ஆடினார்கள். கெஞ்சல் வரிகளைக் கூட்டம் கூடவே பாடியது. சாவியைத் தொலைத்த இடம் இன்னொருத்தியின் வீடு என்பது அந்த முணுமுணுப்பில்தான் ஒளிந்திருந்தது. மேடையில் எத்தனையோ தடவை பாடியும் ஒருவருக்கும் கேட்காத அந்த வரி, இப்போது வரும்போதெல்லாம் பெண்கள் விசிலடித்தார்கள். அக்கார்டியன் சுழன்றபோது பீர் பாட்டில்கள் உயர்ந்தன.

ராதமேஸ் மேசை மேசையாகப் போய் முள்ளின் கதையைச் சொன்னார். "மெஷினே தாங்கல. முள்ளு விழுந்து விழுந்து எழுந்துச்சு. வில்கின் பயந்துட்டான்." டயர் மாற்ற வந்தவர்களையும் விடவில்லை. பக்கத்து ஊர்ப் பாடகர்கள் இரண்டு பேர் வில்கினைத் தேடி வந்து, "ராதமேஸுக்குப் போட்ட அந்த முள்ளை எங்களுக்கும் போடு, அதைவிட அதிகமா ஆடணும்" என்றார்கள். வில்கின் மறுக்கவில்லை. சோபாவில் அமைதி நிலவிய பொற்காலம் அது.

அது முடிந்தது ஃபியோர்தலீசாவால்தான். ஒரு காலையில் சாப்பாட்டு மேசையில், வறுத்த பாலாடைக்கட்டிக்கும் வாழைக்காய் மசியலுக்கும் நடுவே, ராதமேஸ் தன் முள்ளைப் பற்றி மறுபடி ஆரம்பித்திருக்கிறார். கூடவே, "உன் பெட்டிக்கு எந்த முள்ளும் ஆடலையேடி" என்று ஒரு வார்த்தை. அவளால் தாங்க முடியவில்லை.

அடுத்து வில்கின் பார்த்தது, மாடிப்படியில் கையில் டயர் நெம்பும் கம்பியோடு ஏறிவரும் ராதமேஸைத்தான். அவர் கடையிலிருந்து அப்படியே கிளம்பியிருந்தார். கம்பி கையில் இருப்பதே அவருக்கு நினைவில்லை. வில்கினுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை.

"அண்ணே, உக்காருங்க, தண்ணி குடிங்க, முதல்ல அதைக் கீழ வைங்க..."

"அமுக்கினியா?"

"எதைண்ணே?"

"என்னை! காத்து ஏத்தறேன்னு சொல்லிட்டு, பிடுங்கி விட்டிருக்க! ஊர் பூரா சொல்லிட்டு வந்திருக்கேண்டா. எனக்குக் காத்து இறங்கினதை நானே வீடு வீடாப் போய்ச் சொல்லியிருக்கேன்!"

"ஏத்துதுன்னு நீங்கதான் சொன்னீங்க. நான் முள்ளு ஓடுதுன்னுதான் சொன்னேன்."

கம்பி சற்று உயர்ந்தது. வில்கின் இரண்டடி பின்வாங்கினான்.

"எடு அதை. என் குரல் முழுசா வரணும். இப்பவே."

வில்கின் எடுத்தான். எடுத்துவிட்டுத் திரையையும் அணைத்தான். "முள்ளு வேணாம், கண்ணு வேணாம். இனி காதால கேளுங்க. அதோட வர்றதையும் அது இல்லாம வர்றதையும் மாத்தி மாத்தி விடறேன், எது எதுன்னு சொல்ல மாட்டேன். உங்களுக்கு எது பிடிக்குதோ அதை வெச்சுக்கலாம். ஒத்துக்கிறீங்களா?"

ராதமேஸ் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார்.

முதலில் ஒன்று ஓடியது. கெஞ்சல் எங்கேயோ கிணற்றடியில் கேட்டது. திடீரென "திற!" வந்து விழுந்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ராதமேஸே துள்ளினார். கீழே பார்லரில் ஏதோ உருண்டு உடைந்தது. "வில்கின்! சாயம் கொட்டிப்போச்சுடா பாவி!"

அடுத்து இன்னொன்று ஓடியது. கெஞ்சல் காதருகே வந்து நின்றது. சாவி வரி வந்ததும் கீழே பெண்கள் சேர்ந்து பாடிச் சிரிப்பது தரை வழியாகக் கேட்டது. "திற!" வந்தபோது அது கத்தலாகத்தான் இருந்தது, ஆனால் அறைக்குள் நிற்கும் மனிதனின் கத்தல்.

ராதமேஸ் இரண்டையும் மறுபடி கேட்டார். சாவி வரியை மட்டும் தனியாகப் போடச் சொன்னார். அந்த வரியைத் தான் இவ்வளவு நன்றாகப் பாடியிருப்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷமாகக் கத்திக் கத்தி அதை மூடியே வைத்திருந்தார்.

"ரெண்டாவது," என்றார்.

வில்கின் விரலால் மேசையைத் தட்டினான்.

"ரெண்டாவதுதான் அமுக்கினதா?"

"ஆமாண்ணே."

ராதமேஸ் நீண்ட பெருமூச்சு விட்டார். பிறகு மெல்ல அவர் மார்பு நிமிர்வதை வில்கின் பார்த்தான்.

"அப்படின்னா, என்னை அடக்க ஒரு மெஷின் தேவைப்பட்டிருக்கு."

"தேவைப்பட்டுச்சுண்ணே."

"சும்மா அடக்க முடியல."

"முடியவே இல்ல. காலையில இருந்து மதியம் வரைக்கும் வெறும் கையால போராடினேன்."

"அப்படிச் சொல்லு!" அவர் கம்பியால் தன் முழங்காலைத் தட்டிக்கொண்டார். "முள்ளு என்னைப் பார்த்து ஓடல, என்னைப் பிடிச்சு நிறுத்தப் போராடுச்சு. இதை முதல்லயே சொல்லியிருந்தா ஊர்ல இன்னும் நல்லாச் சொல்லியிருப்பேனே!"

அன்று மாலையே அவர் டயர் கடையில் கதை மாறிவிட்டது. அடுத்த ஞாயிறு மேசைகளிலும் மாறிவிட்டது. ஃபியோர்தலீசா வில்கினுக்கு ஃபோன் செய்து, "என்ன மருந்துடா கொடுத்த? முன்னைவிட மோசமாகிட்டாரு" என்று திட்டினாள்.

அடுத்த பாட்டில் அவளும் ஒரு சரணம் பாட ஆசைப்பட்டாள். ராதமேஸ் யோசித்துவிட்டுச் சம்மதித்தார், ஒரே நிபந்தனையோடு: அவள் குரலுக்கும் கம்ப்ரஸர் போட வேண்டும், முள் யாருக்கு அதிகம் விழுகிறது என்று பார்க்க வேண்டும். வில்கின் திரையில் இரண்டு கம்ப்ரஸர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். இரண்டு மஞ்சள் விளக்குகள், இரண்டு முட்கள்.

ஃபியோர்தலீசா தன் வரியைப் பாடி முடித்தபோது அவளுடைய முள் இடதுகோடியில் போய் ஒட்டிக்கொண்டு, திரும்பி வர மனமில்லாமல் நின்றது.

"உன் மெஷின் ரிப்பேர்," என்றார் ராதமேஸ்.

"கிழவா, என்னைப் பிடிக்க அதுக்குத் தெம்பு இல்ல."

"வில்கின், அவளுதுல குமிழை நீ அதிகமாத் திருகியிருக்க."

"ரெண்டும் ஒரே அளவுதாண்ணே."

"பொய் சொல்றான். அக்கான்னு கூப்பிட்டு பாஸ்தெலித்தோ தின்னவன் இவன். எங்க, மறுபடி பாடு பார்க்கலாம்!"

"நீ முதல்ல பாடு!"

இருவரும் ஒரே மைக்குக்கு முன்னால் நின்று தோளால் தோளை இடித்துக்கொண்டார்கள். வில்கின் பதிவுப் பொத்தானை அழுத்தினான். ஒரு கணம் சோபாவைப் பார்த்தான். காலியாக இருந்தது. போய் அதில் நீட்டிப் படுத்துக்கொண்டான்.